ரிச்சர்ட்ஸ் டவுன் டாப் டென்

மழைக்கு ஒதுங்கிய இடம் ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கேசட் கடை. சுவரில் ஒரு கரும்பலகை, 'இந்த வார டாப் டென்' என்கிறது. முதலிடத்தில் ஓர் அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர். கண்ணாடி அலமாரியில் அவருடைய கேசட். அட்டையில் தொப்பியும் குதிரையுமாக நிற்கிறார். நான் கேள்விப்பட்டதே இல்லை. ஆனாலும் விஷயம் தெரிந்தவன் போலத் தலையை ஆட்டுகிறேன்.

"இவரோட புது சிங்கிள் பயங்கர ஹிட் போல?"

"மூணு மாசமா நம்பர் ஒன் சார்," என்கிறார் கடைக்காரர் பெர்னார்ட்.

"அவ்வளவு விக்குதா?"

"வித்தா எதுக்கு சார் போர்டுல எழுதப்போறேன்? விக்கிறது தானா போவுது. போவாததத்தான் மேல ஏத்தணும். இவரோட போன சிங்கிளும் இப்படித்தான், வருஷம் பூரா டாப்புல இருந்துச்சு. இந்தப் புதுசுல இன்னும் ஒரே ஒரு பீஸ் நிக்குது."

அமெரிக்காவிலும் பட்டியலை இப்படித்தான் போடுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் வருகிறது. மழை விடுவதாக இல்லை. சும்மா நிற்கக் கூச்சப்பட்டு அந்தக் கடைசிக் கேசட்டை வாங்கிவிடுகிறேன்.

பெர்னார்ட் ஸ்டூலில் ஏறி, முதலிடத்துப் பெயரை ஈரத்துணியால் துடைக்கிறார்.

"நல்லா ஓடிட்டு இருந்தாரு சார்," என்கிறார் வருத்தமாக. "நீங்க வந்து வாங்கிட்டீங்க."