நமக்குச் சொல்லாத செய்தி

மலைக்கு இந்தப் பக்கம், மலையாள ஊரில், ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் மண்டிக்கு மேலே குடியிருக்கிறேன். பகலெல்லாம் கீழே மூட்டை இறங்கும், பேரம் நடக்கும், யாராவது தும்மிக்கொண்டே இருப்பார்கள். ஷட்டர் விழுந்தபிறகு ஒன்றும் கேட்காது. மகள் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து இந்த வீட்டில் பேச்சே இல்லை. சில நாள் பால்காரரிடம் சொன்ன "நாளைக்கு ஒண்ணு போதும்" என்பதோடு அன்றைய என் குரல் முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டுவதற்காகத்தான் அந்த வகுப்புக்குப் போக ஆரம்பித்தேன். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் பெரியவர்களான பிறகு பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதுகிற ஏற்பாடு. இங்கே எல்லோரும் துல்யதா என்பார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்ட ஆள் தேவை என்றார்கள். வாசிக்கத்தானே, போனேன்.

அங்கே வந்தாள் அவள், பொன்முடி தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டிலிருந்து. என் வயசுதான். கொழுந்து கிள்ளி முட்டி தேய்ந்துபோய், இனி சரிவில் நிற்க முடியாது. லயத்துக்குப் பக்கத்து அங்கன்வாடியில் ஓர் இடம் காலியாகப் போகிறது, அதற்குப் பத்து பாஸ் வேண்டும்.

"இந்த வருஷம் எழுதலேன்னா அத வேற எவளாவது கொண்டுபோயிருவா டீச்சரே."

நான் டீச்சர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன்.

"புஸ்தகத்தப் பிடிச்சிட்டு முன்னால நிக்கீங்க. பின்ன என்ன, கண்டக்டரா?"

அதற்குப் பிறகு வாரநாட்களிலும் கூப்பிட ஆரம்பித்தாள். வாட்ஸாப்பில் வருவதையெல்லாம் எனக்கு அனுப்பிவிட்டு, "இது உள்ளதுதானா டீச்சரே?" என்பாள். பப்பாளி இலை, வங்கிக் கணக்கு, நிலநடுக்கம். நான் தேடிப் பார்த்துச் சொல்வேன். அவள் சிரிப்பாள். பின்னால் காற்று கேட்கும். அந்த அழைப்புக்காக நான் போனைச் சமையல்கட்டு வரைக்கும் கையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்து ஒரு ஞாயிறு அவளால் வர முடியவில்லை. அன்றைக்கென்று நானும் காய்ச்சலில் படுத்துவிட்டேன்; வகுப்பில் என்ன சொன்னார்கள் என்று இருவருக்கும் தெரியாது. அதற்கடுத்த சில நாளில் கூப்பிட்டாள். குரலில் துள்ளல்.

"பரீட்சைக்குப் பணம் கட்டுற தேதிய நீட்டிச்சாச்சு டீச்சரே. வீடியோ அனுப்பியிருக்கேன், பாருங்க. நான் முட்டி சரியானபிறகு மெதுவா வாறேன்."

பார்த்தேன். டை கட்டிய ஒருவர், நல்ல தெளிவான தமிழ், பத்தாம் வகுப்பைத் தனியாக எழுதுகிறவர்களுக்கு அவகாசம் நீட்டிப்பு என்று சொல்கிறார். புதிய வீடியோதான். ஆனால் எந்த மாநிலத்துப் பரீட்சை என்று அவர் சொல்லவே இல்லை. அவருக்குச் சொல்லத் தேவையில்லை. கேட்கிறவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

நம் வகுப்பின் அறிவிப்பைத் தேடி எடுத்தேன், மலையாளத்தில் இருந்தது. கடைசித் தேதி மறுநாள்.

கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலையில் அப்படித்தான், ரேஞ்ச் போனால் ஆளே இல்லாத மாதிரி. சாயங்காலம்வரை அறைக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். இருட்டுகிற நேரத்தில் அவளே கூப்பிட்டாள்.

"நாளைக்கே வரணும். அது நமக்கில்ல."

"பொய்யா சொல்லுவான்? டை எல்லாம் கெட்டியிருக்கான்."

"பொய்யில்ல. உள்ளதுதான். கீழ கமென்ட்ல கேள்வி கேட்டிருக்காங்கல்ல, எந்த ஊர்க்காரங்கன்னு வாசிச்சுப் பாருங்க."

எழுத்துக் கூட்டுவது கேட்டது. "மதுரை... தேனி... சேலம்... தென்காசியில ஒருத்தி." நிறுத்தினாள். "நம்ம ஆளு ஒருத்தரும் இல்ல."

இல்லை.

"நமக்குன்னு தமிழ்ல எவனும் வீடியோ போடமாட்டானா டீச்சரே?"

என் மொழியில் பேசுகிறவருக்கு நான் இருக்கிற ஊர் தெரியாது. ஊரைத் தெரிந்தவர்கள் என் மொழியில் பேசுவதில்லை. பொய்யைக் கண்டுபிடிக்க எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். உண்மை, வேறொருவர் வீட்டுக்குப் போகிற வழியில் நம் கையில் வந்து விழுந்தால் அதை என்ன செய்வது?

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் சிதறுகாய் உடைபடும் சத்தத்துக்கு நடுவே, முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அலுவலகத்தில் பலகையில் அதே அறிவிப்பு ஒட்டியிருந்தது. நான் வாசிக்கப் போனேன். கையால் தடுத்தாள்.

"இருங்க. மலையாளத்துல சண்ட போடத் தெரியும், வாசிக்கத்தான் நேரமாகும். நீங்க சொன்னதையும் நான் பாக்கணும்லா?"

விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க, தேதிவரை வந்தாள். பிறகுதான் பணத்தை எடுத்தாள்.

அதற்கப்புறம் எது வந்தாலும் அவளே பார்க்க ஆரம்பித்தாள். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது, எப்போது சொன்னது. தெரியாத மலையாள எழுத்தை மட்டும் படம் பிடித்து அனுப்புவாள். பிறகு அதுவும் குறைந்தது. ஞாயிறு வகுப்பில் மற்றவர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். சமையல்கட்டில் போன் சும்மா கிடந்தது.

பரீட்சைக்குச் சில நாள் முன்னால், தேர்வு தள்ளிவைப்பு என்று ஒரு தமிழ் வீடியோ வந்தது. மலைக்கு அந்தப் பக்கத்துச் செய்தி, பார்த்தவுடனே தெரிந்தது. தெரிந்தும் அவளுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. அவள் கூப்பிட்டுக் கேட்பாள், நான் சொல்வேன், அவள் சிரிப்பாள். அவ்வளவுதான் கணக்கு.

கூப்பிடவில்லை. குரல் செய்தி வந்தது.

"பாத்துட்டேன் டீச்சரே. அது திருநெல்வேலிப் பக்கம் உள்ளவங்களுக்கு. நம்ம வகுப்பு அறிவிப்புல போய்ப் பாத்தாச்சு, தேதியில மாத்தமில்ல. நான் போய் எழுதுவேன். நீங்க பயப்படாதீங்க, கேட்டோ."

பின்னால் காற்றும் மழையும். யாரோ அவளைக் கூப்பிடுகிறார்கள், அவள் "இதா வாறேன்" என்கிறாள், அதோடு முடிகிறது.

கீழே கடையை அடைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசி ஷட்டர் விழுகிறவரை காத்திருந்துவிட்டு அவள் குரலை இன்னொரு முறை போட்டுக் கேட்டேன்.