அக்காவைப் படுக்க வைத்தவர்களுக்கு நன்றி

எங்கள் அக்கா நம்மைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களையும் நண்பர்களையும் கைகூப்பி வரவேற்கிறேன். இந்த நினைவு மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கேட்டுக்கொண்டார். அக்காவைப் ‘பொறுமையின் சிகரம்’ என்று எழுதும்படி யோசனையும் சொன்னார். அக்காவுக்குப் பொறுமை கிடையாது. லிஃப்ட் வரும்வரை நிற்கப் பிடிக்காமல் நாலு மாடியையும் படியிலேயே ஏறிப் போகிறவர் அவர். நான் எழுதினால் உள்ளதைத்தான் எழுதுவேன், ஒரு வரியைக்கூட வெட்டக்கூடாது என்று சொன்னேன். அத்தான் சரி என்றார். இதை அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறவரும் அவரே. ஆகவே படித்துவிட்டு யாரும் அவரிடம் போய் என்னைப் பற்றிக் குறை சொல்ல வேண்டாம்.

அக்கா பிறந்தது தூத்துக்குடியில். அப்பாவுக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை கிடைத்ததால் கைக்குழந்தையாகவே கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். அண்ணனும் நானும் இங்கேதான் பிறந்தோம். பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியெல்லாம் லாரியும் கைவண்டியும்தான். எங்கள் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையில் பிடித்து இழுத்துக்கொண்டு அக்கா முன்னால் போவார். பின்தங்கினால் முதுகில் ஒன்று விழும்.

அப்பா மாரடைப்பில் போனபோது அக்கா ஜாதவ்பூரில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தார். படிப்பை விட்டுவிட்டு வங்கி வேலையில் சேர்ந்தார். அண்ணன் இன்ஜினியரானதும் நான் டீச்சரானதும் அந்த வேலையால்தான். எங்கள் இருவரையும் கரையேற்றிவிட்டுத்தான் அக்கா கல்யாணத்துக்குச் சம்மதித்தார். திருநெல்வேலியிலிருந்து மத்திய அரசு வேலையாக மாற்றலில் வந்த அத்தான் எங்கள் வீட்டு மாப்பிள்ளையானார். குழந்தை இல்லை என்ற குறையை அக்கா ஒருநாளும் பேசிக் கேட்டதில்லை. நாம்தான் பேசினோம்.

நடை அக்காவுக்குச் சாப்பாடு மாதிரி. காலையில் வீட்டுக்குப் பக்கத்து ஏரியை, நாங்கள் லேக் என்போம், ஒரு சுற்றுச் சுற்றி வந்தால்தான் அன்றைக்கு அவருக்கு ஓடும். துர்கா பூஜை நாட்களில் பந்தல் பந்தலாக இழுத்துப் போவார். நாங்கள் செருப்புக் கடித்து நொண்டுவோம், அவர் அடுத்த பந்தலுக்கு வழி கேட்டுக்கொண்டிருப்பார்.

ரத்த அழுத்தம் சத்தமில்லாமல் வேலை செய்து இரண்டு சிறுநீரகங்களையும் கெடுத்துவிட்டிருந்தது. பைபாஸ் ரோட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்த்த வங்காளி டாக்டர் கொஞ்சம் கடுகடுப்பான மனிதர். மருந்தை நான் எழுதுகிறேன், நடையை நீங்கள் விடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இந்த நோயில் சும்மா உட்கார்ந்தால் தசை கரைந்துவிடும். நடந்தால் பிரஷர் கட்டுக்குள் நிற்கும், தூக்கம் வரும், மனசும் சோராது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். காய்ச்சலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மட்டும் நிறுத்திவிட்டு என்னிடம் வாருங்கள் என்றார். அக்காவுக்குப் பரம திருப்தி. தனக்குப் பிடித்ததையே மருந்தாக எழுதிக் கொடுத்த முதல் டாக்டர் இவர்தான் என்றார்.

டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் நடை நிற்கவில்லை. டயாலிசிஸ் நாளில் அசந்து போவார். மற்ற நாட்களில் நானும் கூடப் போவேன், மெதுவாக ஒரு சுற்று வருவோம். ஊசி குத்தாத கையிலும் கால்களிலும் செய்வதற்கு ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பட்டை கொடுத்திருந்தார்கள். டயாலிசிஸ் ஓடும்போது படுத்தபடியே அதைக் காலில் மாட்டி இழுத்துக்கொண்டிருப்பார். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார், பிறகு தனக்கும் ஒன்று வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டார்.

இனி உங்கள் முறை. நோயாளி என்றால் நம் வீடுகளில் ஓர் இலக்கணம் வைத்திருக்கிறோம். படுத்திருக்க வேண்டும், குரல் உள்ளே போயிருக்க வேண்டும், வருகிறவர் தலைமாட்டில் உட்கார்ந்து பெருமூச்சு விட இடம் இருக்க வேண்டும். நீங்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தபோது அக்காவே வந்து கதவைத் திறந்தார், டீயும் போட்டுக் கொடுத்தார். பலருக்கு முகம் தொங்கிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது வீண் என்கிற மாதிரி ஒரு முகம். சிறுநீரகக்காரருக்கு அந்த ஆப்பிளையும் ஹார்லிக்ஸையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக்கூடாது என்பது வேறு விஷயம். அதை யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

மாற்றுச் சிறுநீரகம்தான் நல்லது என்று டாக்டர் சொன்னார். அத்தானுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அவர் கொடுக்க முடியாது. எனக்குச் சர்க்கரை, என் சிறுநீரிலேயே புரதம் போக ஆரம்பித்திருந்தது. மிச்சம் இருந்தவர் அண்ணன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்க வேண்டிய விஷயம்தான், அதில் தப்பில்லை. ஆனால் சால்ட் லேக் பகுதியில் அவருடைய புது ஃப்ளாட்டுக்குப் பால் காய்ச்சியபோது அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பந்தி விசாரித்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். இலை எடுத்த பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னார்:

“அக்கா நல்லாத்தான இருக்கா. இப்ப என்ன அவசரம்?”

அந்த ஒரு வாக்கியம்தான் அக்காவைக் கட்டிலில் தள்ளியது. அடுத்த வாரமே பெரியவர்கள் சிலர் அத்தானைச் சூழ்ந்துகொண்டு புத்தி சொன்னார்கள். இவள் இப்படிக் குதித்துக்கொண்டிருந்தால் எவன் அறுத்துக் கொடுப்பான், தம்பி வரும்போதாவது படுத்திருக்கட்டும், அவன் மனசு இளகட்டும் என்றார்கள். அத்தானுக்கு அது நியாயமாகப் பட்டது. முதலில் அண்ணன் வரும் நாளில் மட்டும் என்றார். அப்புறம், வந்துபோகிறவர் யாராவது அண்ணனிடம் சொல்லிவிடுவார்களே என்று எல்லா நாளும் படுக்கை ஆயிற்று. லேக்கில் அண்ணனின் ஆபீஸ்காரர் ஒருவர் நடக்க வருகிறார் என்று நடையும் நின்றது. ஆஸ்பத்திரிக்குச் சக்கர நாற்காலி வந்தது. ரப்பர் பட்டையையும் எடுத்து வைத்துவிட்டார்கள், சில நாள் அண்ணன் அங்கே துணைக்கு வருவாரே.

அக்கா சண்டை போட்டார். இவ்வளவு நாள் தாக்குப்பிடித்ததே நடந்ததால்தான் என்று கத்தினார். அத்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார். நீ போயிட்டா நான் என்ன செய்வேன் என்று அழுதார். அக்காவுக்கு யாருடைய கோபமும் பொருட்டில்லை, அத்தானின் அழுகையை மட்டும் தாங்க முடியாது. படுத்துக்கொண்டார். நான் போய்க் கேட்டதற்கு அத்தான் எனக்குச் சொன்ன பதிலை அவர் அனுமதியோடு இங்கே எழுதுகிறேன்.

“குடுக்க முடியாதவ பேசப்படாது.”

உங்கள் திட்டம் பலித்தது என்பதையும் எழுத வேண்டும். மாதங்கள் போகப் போக நடிப்புக்குத் தேவை இல்லாமல் போயிற்று. தம்ளரைத் தூக்கினால் கை நடுங்கியது. பாத்ரூமுக்குப் போக ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. டாக்டர் கேட்டபோதெல்லாம், வீட்டில் நடக்கிறாள் என்று அத்தான் சொல்லிவிடுவார். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அண்ணன் வந்து அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். நான் தர்றேன்க்கா என்றார். அத்தானின் சாமர்த்தியத்தை நீங்கள் எல்லோரும் போனில் மெச்சிக்கொண்டீர்கள். ஒருவர் ஸ்வீட் பாக்ஸ்கூடக் கொண்டுவந்தார்.

அண்ணனுக்கு எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. ஆரோக்கியமான உடம்பு என்றார்கள். அடுத்து அக்காவின் முறை. டாக்டர் அக்காவை நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். அக்காவால் முடியவில்லை. வராந்தாவில் அந்தக் கடைசி வரை நடந்து வரச் சொன்னார். பாதிகூடப் போகவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். டாக்டர் புடவையைக் கொஞ்சம் விலக்கிக் கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தார். அங்கே கால் என்று சொல்ல ஒன்றும் இல்லை. இவரை யார் படுக்க வைத்தது என்று இந்தியில் கேட்டார். அத்தானும் அண்ணனும் நானும் நின்றிருந்தோம். இந்த உடம்பில் கத்தி வைத்தால் மேஜையிலிருந்து எழுந்திருக்க மாட்டார், முதலில் தெம்பேற்றிக்கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்று ஃபைலை மூடிவிட்டார்.

அன்றைக்கு முதல் நீங்கள் எல்லோரும் கட்சி மாறினீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கத்துக்குப் பதில் ‘அக்கா நடந்தாச்சா’ என்று வர ஆரம்பித்தது. ஆப்பிள் கொண்டுவந்தவர்களே வந்து அதட்டினார்கள். ஃபிசியோதெரபி செய்ய வந்த பெண், நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும், வாரா வாரம் கொஞ்சம் கூட்டலாம் என்றாள். அவள் படி இறங்கியதும் அத்தான் அக்காவை எழுப்பி ஹாலில் இன்னொரு முறை நடத்துவார். அண்ணன் சால்ட் லேக்கிலிருந்து வீடியோவில் வந்து, நான் லீவ் எல்லாம் சொல்லி வெச்சிட்டேன், நான் ரெடி, நீதான் ரெடி இல்ல என்பார். ஒருநாள் நான் அங்கே இருந்தபோது அக்கா ஹாலின் நடுவில் நின்று, மூச்சு வாங்கியபடி, அத்தானையும் போனில் இருந்த அண்ணனையும் பார்த்துச் சொன்னார்:

“படுக்கச் சொன்னிய, படுத்தேன். நடக்கச் சொல்லுதிய, நடக்கேன். அடுத்து என்ன செய்யணும்னு எல்லாரும் பேசி முடிவெடுத்துட்டுச் சொல்லுங்க.”

சில நாளில் அதே ஹாலில் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. கடைசி நாட்களில் நான் கூட இருந்தேன். ஒரு மத்தியானம் நல்ல காலின் பாதத்துக்கு எதிரே என் உள்ளங்கையை வைக்கச் சொன்னார். வைத்தேன். தள்ளினார். “ஏட்டி, தள்ளுதேனா?” என்று கேட்டார். தள்ளுதக்கா என்றேன். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். ஊசி வலிக்காமல் போட்ட டயாலிசிஸ் நர்ஸ்களுக்கு நன்றி. சடங்குகளுக்கு வீட்டையே ஒழித்துக் கொடுத்த கீழ்வீட்டு வங்காளிச் சித்தி, எங்கள் காக்கிமாவுக்கு நன்றி. புத்தி சொன்ன பெரியவர்களுக்கு நன்றி, உங்கள் யாருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். அத்தானுக்கு நன்றி. அக்காமேல் அவர் வைத்த அன்பில் கால்பங்கு இல்லாத ஒருவர் கணவராக இருந்திருந்தால், அக்கா இப்போது லேக்கைச் சுற்றிக்கொண்டிருப்பார் என்று நான் நினைக்கிறேன். இதையும் அவர் வெட்ட மாட்டார்.

இந்த மலரை வாங்கிக்கொள்கிறவர்களில் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சிலர் உண்டு. வெளியே சொல்லாமல் இருக்கிறீர்கள். உங்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, முடிந்த அளவு எழுந்து நடங்கள். பார்க்க வருகிறவர்களுக்காகப் படுக்காதீர்கள். அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

கடைசியாக அண்ணனுக்கு. எனக்கும் இப்போது அதே டாக்டர்தான். புரதம் இன்னும் கூடியிருக்கிறது, சில வருஷங்களில் அக்கா இருந்த இடத்துக்கு நானும் வரலாம் என்கிறார். தினமும் காலையில் நடக்கிறேன், மாடிப்படி ஏறுகிறேன். அண்ணே, அப்படி ஒரு நாள் வந்து நீங்கள் என்னைப் பார்க்க வந்தால், நான்தான் கதவைத் திறப்பேன். நன்றாகத்தான் இருப்பேன். நன்றாக இருக்கும் தங்கைக்குக் கொடுக்க மனம் வந்தால் கொடுங்கள். வராவிட்டால் டீ குடித்துவிட்டுப் போங்கள்.