ஷாமிலாவின் மூச்சுவிடாத ஃபேன்

கொட்டாஞ்சேனையில் ஷாமிலாவின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். குரலைத் தெரியாதவர் இல்லை. மாதா கோயில் திருவிழாவில் காணாமற்போன பிள்ளைகளையும் சோடி மாறிய செருப்புகளையும் ஒலிபெருக்கியில் அறிவித்து உரியவர்களிடம் சேர்ப்பவள் அவள்தான். இத்தனை வருடமும் அந்தக் குரலுக்குக் கிடைத்த கூலி ஒரு போத்தல் சோடா. இப்போதுதான் கனடாவிலுள்ள ஒரு தமிழ் இணைய வானொலி, மரண அறிவித்தல் வாசிக்க அவளைக் கேட்டிருந்தது. வீட்டிலிருந்தே வாசித்து அனுப்பலாம், மாதச் சம்பளம். முதலில் ஒரு மாதிரி வாசிப்பு வேண்டுமாம்.

அனுப்பினாள். வானொலியை நடத்தும் யோகேஸ்வரி கூப்பிட்டார்.

"பிள்ளை, குரல் நல்ல வடிவா இருக்கு. ஆனா பின்னால ஆரோ மூச்சு விடுற மாதிரிக் கேக்குது. செத்தவீட்டு அறிவித்தல்ல மூச்சுச் சத்தம் வந்தா சனம் என்ன நினைக்கும்? சனிக்கிழமைக்குள்ள வேற அனுப்பு. இல்லாட்டி நான் வேற ஆளைத்தான் பாக்கவேணும்."

மூச்சு விட்டது கணினிப் பெட்டிக்குள் இருந்த பழைய ஃபேன். ஷாமிலா அதைக் கழற்றிவிட்டு வாசித்தாள்; "அன்னாரின் பாசமிகு" என்ற இடத்தில் கணினி சூடேறி அணைந்துபோனது. திரும்பப் பூட்டியதும் கணவன் றேமண்ட் பெட்டிக்கு மேல் போர்வையைப் போர்த்தினான். மூச்சு இருமலாக மாறியது.

"புதுசு வாங்குவம், ஷாமி," என்று தன் ஓட்டோவை எடுத்தான்.

வெள்ளவத்தையில் பாஹிமின் கணினிக் கடை, பஸ் இரைச்சல் ஓயாத காலி வீதியோரத்தில் இருந்தது. பாஹிம் ஓடவிட்ட ஃபேன்கள் எல்லாமே ஊமையாகச் சுழன்றன. விலை குறைந்ததை எடுக்க ஷாமிலா கை நீட்டியபோது, சிக்னல் விழுந்து பஸ்கள் நின்றன. அந்தக் கணம் பார்த்து ஃபேன் காதோரத்து நுளம்பாய் இரைந்தது. பஸ்கள் கிளம்ப, மறுபடியும் ஊமை.

"நானா, இந்த ரோட்டில கோயில் மணி அடிச்சாலும் கேக்காது. சத்தமில்லாத இடத்தில வச்சுப் பாக்கவேணும்."

"கொழும்பில சத்தமில்லாத இடம் எங்க தங்கச்சி இரிக்கி?"

"கனத்தையில," என்றான் றேமண்ட்.

பொரளை மயானத்தைத்தான் சொன்னான். ஃபேனுக்கு வேண்டிய பன்னிரண்டு வோல்ட் ஓட்டோ பட்டரியிலேயே இருந்தது. "நீங்க வயரை மாத்திக் குடுத்து என்ட சாமானை எரிச்சிப் போடுவீங்க," என்று சொல்லி, கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, மூன்று ஃபேன்களை மடியில் வைத்துக்கொண்டு பாஹிமும் ஏறிக்கொண்டார்.

வாசலில் காவலாளி, யார் இறந்தது என்று சிங்களத்தில் கேட்டான். றேமண்ட் முகத்தைத் தொங்கப்போட்டு, "பரண ஃபேன் எக்க, அய்யே," என்றான். பழைய ஃபேன் செத்த கதையைக் கேட்ட காவலாளி, சிரித்தபடியே வழி விட்டதோடு தானும் பின்னால் வந்தான்.

மரநிழலில் ஓட்டோவை நிறுத்தினார்கள். ஷாமிலா கண்ணை மூடிக்கொண்டாள். முதலாவது அதே நுளம்பு. இரண்டாவது, வர்ண விளக்கெல்லாம் எரியும் விலை கூடினது. அது பல்லைக் கடித்தது. மூன்றாவது அகலமானது, அழகில்லாதது, அவசரமில்லாமல் சுழல்வது. வெகுநேரம் அவளுக்குக் காகங்கள்தான் கேட்டன.

"நானா, போடுங்க."

"போட்டு எவ்வளவு நேரம், தங்கச்சி."

காவலாளி குனிந்து காதை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

வீட்டில் அதைப் பெட்டிக்குள் பூட்டியபோது மறுபடி ஓர் இரைச்சல் கேட்டது. ஃபேன் பேசவில்லை, பெட்டியின் தகரம் அதிர்ந்தது. றேமண்ட் ஓட்டோவின் பழைய டியூபிலிருந்து ரப்பர் துண்டுகளை வெட்டித் திருகாணிகளுக்கு அடியில் வைத்து இறுக்கினான். தகரமும் அடங்கியது. ஷாமிலா சிலுவை போட்டுக்கொண்டு, "கொட்டாஞ்சேனையைப் பிறப்பிடமாகவும் ரொறன்ரோவை வதிவிடமாகவும் கொண்ட," என்று தொடங்கினாள். முடியும்வரை றேமண்ட் தன் மூச்சையும் அடக்கிக்கொண்டு நின்றான்.

யோகேஸ்வரியின் குரற்செய்தி சாயங்காலமே வந்துவிட்டது.

"பிள்ளை, இப்பதான் ஆள் செத்த மாதிரி இருக்கு. திங்களில இருந்து நீதான் வாசிக்கிறாய்."

ஷாமிலா அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டாள். பிறகு அந்தக் குரற்செய்தியை அப்படியே பாஹிமுக்கு அனுப்பினாள்.