எஞ்சினுக்குத் தைத்த ரவிக்கை

போன வாரம் நான் மகளோடு போகும்போது அவள் கார் பலாபத்வலை ஊருக்குள் நின்றுவிட்டது. திருத்த வந்தவர் பொனட்டைத் திறந்ததும் கருகிய ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. எட்டிப் பார்த்தேன். "தள்ளி நில்லுங்கம்மா, சூடு" என்றார். நான் பார்க்காத சூடா? உள்ளே வயர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. எல்லாம் வரிவரியான கறுப்புக் குழாய்க்குள் ஒடுங்கி, கிளிப் போட்டுக் கிடந்தன. நல்ல வேலைதான். ஆனால் யார் கை என்று தெரியாத வேலை.

எங்கள் காரில் இருந்தது யார் கை என்று மாத்தளை ஹயர் கார் ஸ்டாண்டுக்கே தெரியும்.

கடைகளில் எதுவும் கிடைக்காத காலம் அது. துணிக்குக் கூப்பன், பாண் ரொட்டிக்கு வரிசை. வயரில் சுற்றும் கறுப்பு டேப்பை மருந்துக்கும் காண முடியாது. என் வீட்டுக்காரர் ஓட்டிய பழைய காரின் வயர்களோ காய்ந்த கருவாடு போல வெடித்துப் போயிருந்தன. நாவுல ஊர்ப் பக்கம் ஆட்களோடு போகும்போது புகை வந்து, மழையில் எல்லாரும் இறங்கி நின்றார்களாம். வீட்டுக்கு வந்தவர் சோற்றைத் தொடவில்லை.

"தம்புள்ளையில ஒரு மொதலாளி கேக்குறாரு. எஞ்சினக் கழட்டி, மொளகா தோட்டத்துக்குத் தண்ணி எறைக்கவாம். குடுத்திட்டு அவரு லொறியவே ஓட்டப் போறேன்."

லொறிக்குப் போனவர்கள் மாதத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பார்கள். அதுவும் தூங்குவதற்கு. எனக்கு அது வேண்டாம். நான் தையல்காரி. துணியைச் சுற்றத் தெரிந்தவளுக்கு வயரைச் சுற்றத் தெரியாதா?

"நான் பாக்குறேன்" என்றேன்.

"என்னா, எஞ்சினுக்கு ரவிக்க தைக்கப் போறியா?"

"ஆமா. அளவெடுத்துத்தான் தைப்பேன்."

பேட்டரியைக் கழற்றச் சொல்லிவிட்டு, மிச்சமிருந்த காக்கித் துணியை நாடாவாகக் கிழித்து ஒவ்வொரு வயரிலும் சுற்றித் தைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். என் கை சும்மா இருக்காதே! பிசிறு வராமல் விறைப்பாக நிற்கட்டும் என்று, வேட்டிக்குப் போடுவது போலக் கெட்டியாகச் சோற்றுக் கஞ்சி போட்டேன். கல்யாணப் பெண் மாதிரி இருந்தது எஞ்சின்.

நாலாம் நாள் ஹோன் அடிக்கவில்லை, லைட் எரியவில்லை. பொனட்டைத் திறந்தால் எலிப்புழுக்கை. கஞ்சி வாசனைக்கு வந்து, துணியைத் தின்று, வயரையும் கொறித்துவிட்டுப் போயிருந்தன. ஸ்டாண்டில் ஒரே சிரிப்பு. "எலிக்குச் சோறு போட்ட புண்ணியம் ஒங்க சம்சாரத்துக்குத்தான்" என்றார்களாம். அவர் என்னிடம் கோபப்படவில்லை. "ஞாயித்துக்கெழம கொண்டு போயி குடுத்திர்றேன்" என்று மட்டும் சொன்னார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

ஞாயிற்றுக்கு மூன்று நாள் இருந்தது. எலி கொறித்த வயர்களுக்கு, உடைந்த லொறி ஒன்றிலிருந்து துண்டு கேட்டு வாங்கி ஒட்டுப் போடச் சொன்னேன். சைக்கிள் கடையில் வீசிய டியூப்களைப் பொறுக்கி, நீளநீளமாகக் குழல் போல வெட்டி, வயர்களைக் கழற்றி உள்ளே நுழைத்தேன். தேன்மெழுகு தேய்த்த நூலால் நாலு விரலுக்கு ஒரு கட்டு. புகைக்குழாயின் சூட்டுப் பக்கம் ஒரு வயரையும் போக விடவில்லை. இரும்புத் தகட்டின் ஓட்டை வழியாக வயர் உள்ளே போகும் இடத்தில்தான் உராய்ந்து தோல் உரிகிறது என்று கண்டேன். என் ரப்பர் செருப்பின் குதியை வட்டமாக வெட்டி அங்கே செருகினேன். பிறகு இரண்டு மாதம் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடந்தேன், போங்கள்.

எழுத்து என்னோடு அவ்வளவாக ஒட்டவில்லை, நிறம் ஒட்டும். அதனால் லைட்டுக்குச் சிவப்பு நூல், வைப்பருக்கு நீலம், ஹோனுக்குப் பச்சை முடிச்சு.

ஞாயிற்றுக்கிழமை நானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். "நீ எதுக்கு?" என்றார். "நின்னா தள்ளுறதுக்கு" என்றேன். நாவுலயில் மழை பிடித்தது. முன்பு நின்ற அதே இடம். அவர் வைப்பரையும் லைட்டையும் போட்டார். வைப்பர் ஆடியது, லைட் எரிந்தது, கார் போய்க்கொண்டே இருந்தது.

தம்புள்ளையில் முதலாளி பொனட்டைத் தூக்கி, கட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "எந்த மெக்கானிக் பாஸ் செஞ்ச வேல இது?"

"எங்க வீட்டு பாஸ்தான்" என்று என்னைக் காட்டினார் என் வீட்டுக்காரர். பிறகு பொனட்டை மூடினார். "மன்னிச்சிக்கங்க மொதலாளி. இது விக்கிறதுக்கில்ல."

அந்தக் கார் அதற்குப் பிறகு பல வருடம் ஓடியது. ஏதாவது கோளாறு என்றால் பொனட்டுக்குள் தலையை விட்டபடியே அவர் கூப்பிடுவார்: "இந்தப் பச்ச முடிச்சு என்னாடி?" அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் "ஹோனுங்க" என்பேன்.

இப்போது காரும் இல்லை, கேட்க அவரும் இல்லை. பலாபத்வலையில் அந்தக் கறுப்புக் குழாய்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, யாரும் கேட்காமலே என் வாய் சொன்னது: "ஹோனுங்க."