ஏழாவது விதியும் இடதுகைக்காரனும்

விதி எழுதுவது எனக்குத் தொழில். நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் பிரிவில் இருபத்தைந்து வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். யாருக்கு எந்த பிளாக், யாருக்கு மாடி, யாருக்குத் தரைத்தளம் என்பதைச் சீனியாரிட்டி முடிவு செய்யும். சீனியாரிட்டியை எப்படி எண்ணுவது என்பதை நாங்கள் எழுதும் தாள் முடிவு செய்யும். தாளில் ஓர் ஓட்டை இருந்தால் மறுநாளே அதன் வழியாக ஒரு சிபாரிசு வந்து நிற்கும். அதனால் நான் ஓட்டை விடுவதில்லை. அந்தப் பழக்கம்தான் பேஸ்பால் விஷயத்தில் என் காலை வாரியது.

பேஸ்பாலை நான் நேரில் பார்த்ததே இல்லை. எங்கள் பிரிவில் முன்பு இருந்த அதிகாரி இணையத்தில் ஒரு லீகில் சேர்ந்திருந்தார். அங்கே மைதானமும் கிடையாது, மட்டையும் கிடையாது. ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் கம்ப்யூட்டர் உண்டாக்கிய ஆட்கள். யார் பந்து போடுவது, யார் எந்த வரிசையில் அடிப்பது என்று நாம் எழுதிக் கொடுத்தால் மிச்சத்தைக் கம்ப்யூட்டரே ஆடி, மறுநாள் நம் சாப்பாட்டு நேரத்துக்கு முடிவைச் சொல்லும். இரண்டு மாதத்துக்கு ஒரு சீசன். பன்னிரண்டு அணிகள், ஆளுக்கொரு தேசத்தில் பன்னிரண்டு ஓனர்கள்.

அதிகாரி பெயருக்குத்தான் ஓனர். வேலையெல்லாம் பார்த்தவர் எனக்கு எதிர் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். முத்தாண்டிக்குப்பத்துக்காரர், கான்ட்ராக்ட், என்னைவிடப் பதினான்கு வயது சின்னவர். யாரும் எடுக்காமல் ஒதுக்கிய ஆட்களின் பட்டியலை மதிய நேரங்களில் துழாவி, பத்தொன்பது வயது இடதுகைப் பந்துவீச்சாளன் ஒருவனைப் பிடித்து வந்தார். அப்போது அவனுடைய மதிப்பெண்கள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அவன் எங்களிடம் வந்த மூன்றாவது சீசனில், அவன் பந்து போடும் நாளில் மட்டும்தான் நாங்கள் ஜெயித்தோம்.

அந்தச் சீசன் முடிந்ததும் அதிகாரி ஓய்வு பெற்றார். பொறுப்பை ஒப்படைக்கும் பட்டியலில் பீரோ சாவி, ரப்பர் ஸ்டாம்ப், நான்கு ஃபைல் இவற்றோடு கடைசி வரியாக அணியின் பாஸ்வேர்டும் இருந்தது. அடுத்த சீனியர் நான் என்பதால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். எதிர் மேஜைக்குக் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு என்ன தோன்றியது என்று நான் கேட்கவும் இல்லை.

ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனது. பண்ருட்டிப் பலாச்சுளை டப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு மதியம் இருவரும் முடிவுகளைப் பார்ப்போம். அவர் ஆலோசனை சொல்வார், நான் பொத்தானை அழுத்துவேன். இப்படியே இன்னும் நான்கு சீசன் போனது. இடதுகைக்காரனைப் பற்றிக் கேட்டால் என் அக்கா மகனைப் பற்றிப் பேசுவதுபோல் பேச ஆரம்பித்திருந்தேன்.

பிறகு லீகில் இரண்டு புதிய அணிகளைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. அதில் ஒன்றுக்கு அவர் மனுப் போட்டு வாங்கிவிட்டார். தன் அணிக்கு முத்தாண்டிக்குப்பம் என்று பெயர் வைத்தார். கனடாக்காரர் ஒருவர் அதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு எழுதினார்.

புதிய அணி வந்தால் அதற்கு ஆட்கள் வேண்டும். பழைய அணி ஒவ்வொன்றும் தன்னிடமிருக்கும் இருபத்தைந்து பேரில் பத்துப் பேரை 'இவர்கள் எங்களுக்கு' என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மீதிப் பேரிலிருந்து புதிய அணிகள் மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும். இதற்கு எக்ஸ்பான்ஷன் டிராஃப்ட் என்று பெயர். அதன் விதிகளை யாராவது ஒழுங்காக எழுத வேண்டுமே என்று லீகில் கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு கையைத் தூக்கினேன்.

மறுநாள் மதியம் அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"ஒண்ணு கேக்கலாங்களா மேடம்? அந்தப் பத்துப் பேருல நம்ம இடதுகைய மட்டும் எழுதாதீங்க. மொதல் சான்ஸ் எனக்குத்தான் வுழுந்திருக்கு. நான் எடுத்துக்கிறேன்."

"அவன் போயிட்டா என் டீம்ல என்ன தம்பி இருக்கு?"

"பத்தொம்போது வயசுலேர்ந்து நான் பாத்துக்கினு வர்ற ஆளுங்க."

"சரி, எழுதல" என்றேன்.

சொன்னபடியே எழுதவில்லை. என் பத்துப் பேரில் இடதுகைக்காரன் கிடையாது. ஆனால் விதிகளில் ஏழாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: ஒரே அணியில் தொடர்ந்து ஆறு சீசன் இருந்த ஆட்டக்காரர் அந்த அணிக்குப் பர்மனென்ட். அவர் பத்துப் பேர் கணக்கில் வரமாட்டார், அவரை யாரும் எடுக்கவும் முடியாது. ஓனரே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று ஒரு வரியையும் போட்டேன். விட்டுக்கொடுக்கலாம் என்று எழுதினால் அடுத்த நாள் சிபாரிசு வரும் அல்லவா. எட்டாவது விதி, இந்த விதிகளை நிறைவேற்றுவதில் புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டு இல்லை என்பது.

பழக்கத்தில் எழுதிவிட்டேன் என்றுதான் கொஞ்ச நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. ஆறு என்று எழுதுவதற்கு முன்னால் விரல் விட்டு எண்ணினேன். அதிகாரி காலத்தில் மூன்று, என் காலத்தில் நான்கு, ஆக ஏழு. எட்டு என்று போட்டிருந்தால் அவன் சிக்கியிருக்க மாட்டான். ஓனர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு பழைய செல்லப்பிள்ளை இருந்ததால் விதி ஒரே நாளில் நிறைவேறியது.

அவர் அதைத் திரையில் படித்ததை எதிரே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை படித்தார். மேலே போய் மறுபடியும் படித்தார். டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு கழுவப் போனார். ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

மறுநாள் லீகின் பொதுப் பக்கத்தில், எல்லாரும் பார்க்கும்படி, முத்தாண்டிக்குப்பம் அணியின் பெயரில் ஒரு கேள்வி வந்திருந்தது. ஏழாவது விதியில் ஒரு விளக்கம் தேவை. நடுவில் அணியின் ஓனர் மாறிவிட்டால், ஆட்டக்காரரின் சீசன்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டுமா?

ஓட்டை. நான் விட்ட ஓட்டை. ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று நான் எழுதினால் இடதுகைக்காரனுக்கு என்னிடம் நான்கு சீசன்தான். அவன் பர்மனென்ட் இல்லை, முதல் வாய்ப்பிலேயே அவருக்குப் போய்விடுவான். விதியை எழுதியவர் சொல்வதே முடிவு என்று கனடாக்காரர் கீழே எழுதியிருந்தார்.

கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். செய்தது அற்பத்தனம் என்று அதற்குள் எனக்கே உறைத்திருந்தது. ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஆனால் எதிர் மேஜைக்காரர் பதினோரு வருடமாக அதே நாற்காலியில் இருக்கிறார். அதற்குள் நான்கு கான்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். ஒவ்வொரு கான்ட்ராக்டர் வரும்போதும் எதிர் மேஜைக்காரர் வேலையில் சேர்ந்த தேதி புதிதாக எழுதப்படும், அவருடைய சர்வீஸ் ஒன்றிலிருந்து தொடங்கும். அந்தத் தாள்களைத் துளை போட்டு ஃபைலில் கோப்பது நான்தான். ஒரு தடவைகூட அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆமாம், ஒன்றிலிருந்துதான் என்று இரண்டு தடவை தட்டச்சு செய்தேன். இரண்டு தடவையும் அழித்தேன். அவர் ஆசைப்பட்டதைக் கொடுப்பதற்கு, ஓனர் மாறினால் பழைய சர்வீஸ் செல்லாது என்று அவர் முகத்துக்கு நேரே எழுத வேண்டியிருந்தது. என்னால் முடியவில்லை. கடைசியில் இப்படி எழுதினேன்: ஓனர் மாறினாலும் ஆள் அதே இடத்தில் இருந்தால் சர்வீஸ் தொடர்ச்சியாகவே எண்ணப்படும். முந்தைய காலம் விட்டுப்போகாது.

அப்படியாக இடதுகைக்காரன் எனக்கே தங்கிவிட்டான். நியாயமானதை எழுதி ஆதாயமும் அடைந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அவர் பதிலைப் படித்தார். எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"அவன கேட்டது தப்பா நெனச்சுக்காதீங்க மேடம். நீங்க எழுதனதுதான் சரிங்க."

"தம்பி, நான் வந்து..."

"இத ஒரு பிரிண்ட் எடுத்துக்கலாங்களா?"

"எதுக்கு?"

"சும்மாதாங்க. வூட்டுல வெச்சுக்கலாம்னு."

எடுத்து வந்த தாளில் சர்வீஸ் பற்றிய என் இரண்டு வரி மட்டும்தான் இருந்தது. அதை என் முன்னால் வைத்து, ஒரு கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் கை தானாகக் கீழே இறங்கி என் பதவியையும் பிரிவையும் எழுதி, தேதியும் போட்டுவிட்டது. பேஸ்பால் தாளில் இது என்ன கூத்து என்று அடிக்கப் போனேன்.

"அது இருக்கட்டும்ங்க மேடம்" என்று தாளை மெதுவாக இழுத்துக்கொண்டார்.