தலையணை பேசாது

தொற்று பரவி விடுதியைக் காலி செய்த வியாழக்கிழமை, மாணவிகளின் கடைசி பஸ்ஸை அனுப்பிவிட்டு, நர்சிங் கல்லூரி முதல்வர் தன் காரின் முன்சீட்டைச் சாய்த்தார். பயிற்சிப் பொம்மையை அதில் கிடத்தி, பெல்ட் மாட்டினார். கணவருக்குப் பின்சீட்.

"கட்டுன புருஷன் பின்னாடி, பிளாஸ்டிக் பொம்மை முன்னாடியா?"

"அதுக்கு இடுப்பு மடங்காதுங்க."

"எனக்கு மட்டும் மடங்குதாக்கும்."

தொற்று அடங்கும்வரை சாப்பாட்டு மேசைதான் கல்லூரி. வீட்டிலிருக்கும் மாணவிகளுக்கு வகுப்பைக் காட்டும் கைபேசி சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருக்கும். கட்டுப் போடுவதெல்லாம் பொம்மைக்கு. பொம்மைக்கு நாடி கிடையாது என்பதால் ரத்த அழுத்தம் பார்ப்பது மட்டும் கணவருக்கு. பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கை பறிபோகும்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"வகுப்பு நடக்குது, பேசாதீங்க."

அவருடைய பிரஷர் மாணவிகள் எல்லோருக்கும் மனப்பாடம். அவர்கள் தத்தம் வீட்டில் தலையணைக்கு ஊசி போட்டுப் பழகினார்கள்.

கல்லூரி திறந்து திரும்பி வந்தபோது ஒருத்தி கையும் பிசகவில்லை. ஆனால் வகுப்பின் கெட்டிக்காரி, வார்டில் ஒரு பெரியவரின் கையைப் பிடித்தாள், ஊசியை ஏற்றினாள், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். வாயே திறக்கவில்லை. அவர் திடுக்கிட்டுத் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்கள் கதையும் அதேதான்.

மொத்த வகுப்புக்கும் மூன்று மாதம் கூடுதல் வார்டுப் பயிற்சி விழுந்தது. உடனே வேலைக்கு அனுப்பச் சொல்லி ஆள் பற்றாத மருத்துவமனை கெஞ்சிப் பார்த்தது, முதல்வர் மசியவில்லை. கெட்டிக்காரிக்குக் காத்திருந்த வெளிநாட்டு வேலை கைநழுவியது.

"ஊசி சரியாத்தானே போட்டேன், மேடம்?"

"சரியாத்தான் போட்டே. அவரு என்ன தலையணையா?"

பயிற்சி முடிந்ததும் அவள் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டாள். முதல்வர் அவள் எண்ணை அழிக்கவில்லை; பெயரை மட்டும் 'கோவக்காரி' என்று மாற்றி வைத்துக்கொண்டார். கைபேசி சிணுங்கும்போதெல்லாம் அடுப்பை விட்டுவிட்டு ஓடுவார். "உன் கோவக்காரி இல்ல, கேஸ்காரன்" என்பார் கணவர்.

நான்கு வருஷம் கழித்து ஒரு காலை. கணவரின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது 'கோவக்காரி'யிடமிருந்து செய்தி வந்தது.

"மேடம், நேத்து காய்ச்சல்னு எங்க வார்டுலயே படுத்துட்டேன். புதுசா வந்த பொண்ணு ஒரு வார்த்தை பேசாம ஊசி போட்டுட்டுப் போயிட்டா. அழுகையே வந்துடுச்சு. புதுசா வர்றவங்களுக்கு இங்க நான்தான் சொல்லித் தர்றேன். அவ மாட்டினா."

முதல்வர் இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். பிறகு கணவர் பக்கம் திரும்பி, "கொஞ்சம் இறுக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு, பம்பை அழுத்தினார்.