கோவில்பதாகைக்கு எண்ணெய் இல்லை

எங்கள் ஊரான கோவில்பதாகையில் அந்தக் காலத்தில் எம்.எஸ்ஸி. வரை போனவன் நாகேந்திரன் ஒருவன்தான். என் அத்தை மகன். அவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரச் சொல்கிறார்கள். நல்லவன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் ஆத்திரமே அதுதான்.

1940-ல் அவன் எடுத்துப் படித்தது மனுஷர் சாப்பாட்டில் இருக்கும் சத்தைப் பற்றி. சோறு தின்னக்கூடப் பட்டணம் போய்ப் படிக்க வேண்டுமா என்று என் அப்பாவே கேட்டார். அவன் கோபிக்க மாட்டான். ஆவடியில் ரயில் ஏறிப் போவான். சனி, ஞாயிறில் தராசும் நோட்டுமாக சைக்கிளில் சேரிகளைச் சுற்றுவான். அடுப்பில் ஏறும் முன் அரிசி, பருப்பு, கீரை எல்லாவற்றையும் நிறுத்து எழுதுவான், பிள்ளைகளின் இமையை விலக்கிக் கண்ணைப் பார்ப்பான். திரும்பி வந்ததும் கிணற்றடியில் குளித்த பிறகுதான் அத்தை அவனை உள்ளே விடுவாள். அதற்கும் கோபிக்க மாட்டான்.

ஆராய்ச்சி இதுதான். குத்தம்பாக்கம் சேரிப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம், வாரம் இரண்டு நாள், அவன் கையாலேயே ஒரு கரண்டி மீன் எண்ணெய். எங்கள் ஊர்ச் சேரிப் பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடையாது. கடைசியில் இரண்டு பக்கமும் கண்களைச் சோதித்து எண்ணெயின் பலனைக் காட்ட வேண்டும். எண்ணெய் இல்லாத ஊராக எங்கள் ஊரைக் குறித்தவனும் அவனேதான். பழகின ஆட்கள், சொன்னபடி கேட்பார்கள் என்றான். வாஸ்தவம். அவர்களில் பாதிப் பேர் அவன் வீட்டு நிலத்தில்தான் வேலை செய்தார்கள்.

பண்ணையாள் முனியனின் மகள் பூங்காவனத்துக்கு நாலு வயசு. மாசி மாதத்தில், பொழுது சாய்ந்ததும் குழந்தை சுவரைத் தடவிக்கொண்டு நடப்பதை அவன் பார்த்தான். மாலைக்கண். அடுத்த வாரம் வெள்ளை விழியில் ஒரு திட்டு. குழந்தையின் தாய் வேம்புலியம்மாள் சேலைத் தலைப்பால் துடைத்துப் பார்த்திருக்கிறாள், போகவில்லை.

"கஞ்சி நுரையாட்டம் இன்னாவோ கீது ஆண்டே. தானா பூடுமா?" என்று கேட்டாள்.

பார்க்கலாம் என்றான். நோட்டில் எழுதிக்கொண்டான்.

அந்தத் திட்டுக்கு அப்புறம் என்ன வரும் என்று அவனுக்கு வரி வரியாகத் தெரியும். விழி வறளும். வெளிச்சம் பட்டால் கூசும். பிறகு ஒரே நாளில், மிஞ்சினால் இரண்டு நாளில், கருவிழி கரைந்துவிடும். இடையில் காய்ச்சலோ அம்மையோ வந்துவிட்டால் அத்தனையும் ஒரே ஓட்டமாக ஓடும். குத்தம்பாக்கத்திலிருந்து வந்த அவன் பையில் அன்றைக்கும் பாதிப் புட்டி எண்ணெய் இருந்தது. நாலு கரண்டி போதும்.

பேராசிரியருக்குக் கடிதம் போட்டான். கார்டில் பதில் வந்தது. ஒரு பிள்ளைக்குக் கொடுத்தாலும் மொத்த வேலையும் பாழ், இன்னும் ஐந்து வாரம்தானே, கவனித்து வா என்று. கொடுத்துத் தொலையேன்டா, யாருக்குத் தெரியப் போகிறது என்றேன். எனக்குத் தெரியுமே என்றான். நேர்மையாம். கேட்கும்போது எனக்கும் அது பெரிய வார்த்தையாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பங்குனி பிறந்ததும் சேரியில் தட்டம்மை இறங்கியது. முதலில் கடைசி வீடு, அப்புறம் அதற்கு எதிர் வீடு. தினம் ஒரு வாசலில் புதிதாக வேப்பிலைக் கொத்து ஏறியது. நாகேந்திரன் பட்டணம் போவதை நிறுத்திவிட்டான். விடிந்ததும் ஏரிக்கரையில் போய் நின்று, இன்றைக்கு எந்த வாசல் என்று பார்ப்பான். சாப்பாடு இறங்காமல் இளைத்துப் போனான். ஆறாம் நாள் முனியன் வாசலில் கொத்து தொங்கியது.

அன்றைக்குப் புட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேப்பிலை கட்டிய வீட்டுக்குள் வெளியாள் நுழையக் கூடாது. அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை கீரை கூடாது, எண்ணெய் கூடாது, தாளிப்பு வாசனைகூட ஆகாது. கொல்லையில் முருங்கை தளதளவென்று நின்றது, ஒரு கொத்து பறிக்கவில்லை. வேம்புலியம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"ஆத்தா வந்துகீறா ஆண்டே. புள்ளைக்கு வெளிச்சமே ஆவல, கண்ணு கூசுதுன்னு அழுவுது. கோணி கட்டி இருட்டாக்கி வச்சுகீறேன். மூணாந் தண்ணி ஊத்திட்டு நானே இட்டாரேன்."

வெளிச்சம் ஆகவில்லை என்றதுமே அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. ஆனால் அவனும் அதே ஊர்ப் பிள்ளை. ஆத்தாளின் கோபம் தன் காலோடு உள்ளே போய்விடுமோ என்று அவனுக்கும் பயம். விஷயத்தை உடைத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் மூன்று வாரமாக ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு ஒரு வருஷம் நடவுக்கு ஆள் குறைந்தபோது வேப்பிலை கட்டிய வீட்டிலிருந்து முனியனை இழுத்து வந்த குடும்பம்தான் எங்களுடையது. அன்றைக்கு மட்டும் எங்கிருந்தோ ஆசாரம் வந்துவிட்டது. புட்டியோடு திரும்பினான்.

ஒன்பது நாள். முதல் தண்ணீர் ஆயிற்று, இரண்டாம் தண்ணீர் ஆயிற்று.

மூன்றாம் தண்ணீர் அன்று நானும் அவனோடு போனேன். மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தவலையை வெயிலில் வைத்திருந்தார்கள். உச்சி வேளை. வேம்புலியம்மாள் குழந்தையை வெளியே தூக்கி வந்தாள். அத்தனை நாள் இருட்டில் கிடந்த குழந்தை வெயிலுக்கு இமையை இடுக்கவில்லை. சூரியனுக்கு நேராக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, தலையில் தண்ணீர் விழுந்ததும் சிரித்தது. விழி இரண்டும் பாலாக இருந்தன.

உயிரை விட்டுவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டாள் ஆத்தா என்று வேம்புலியம்மாள் சொன்னாள். வேறு யாரையும் அவள் குறை சொல்லவில்லை.

நாகேந்திரனுக்குப் பட்டம் கிடைத்தது. இரண்டு ஊருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததாம்.

அடுத்த நடவின்போது வரப்பில் அவனைப் பார்த்து வேம்புலியம்மாள் நின்றாள். "அன்னிக்கு ஒரு புட்டி எடுத்துகினு வந்தீங்களே ஆண்டே, அது இன்னாத்துக்கு?"

இருமலுக்கு என்றான்.

"எம் புள்ளைக்கு இருமலே இல்லியே ஆண்டே," என்று அவனுக்கு ஆறுதலாகச் சொன்னாள்.